மாப்பிள்ளை கியர்

பிரிக்கத் தெரிந்தவனுக்குப் பூட்டவும் தெரியும் என்று நினைப்பது இருபத்து நாலு வயதில் வருகிற ஒரு வியாதி. எனக்கு அது முற்றிப்போயிருந்தது. எங்கள் வீட்டுச் சுவர்க்கடிகாரம், பக்கத்து வீட்டு ரேடியோ, நாங்கள் அத்தா என்று கூப்பிடுகிற அப்பாவின் பம்ப்பு ஸ்டவ் என்று செங்கல்பட்டில் எங்கள் தெருவில் நான் பிரித்துப் பார்க்காத பொருள் இல்லை. அவற்றில் ஸ்டவ் மட்டும் மறுபடியும் எரிந்தது. (அதுவும் ஒரு பக்கமாகத்தான்.) ஆனாலும் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்த சான்றிதழைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்ததால் யாரும் வாய் திறக்க முடியவில்லை.

எழுபதுகளின் நடுவில் எனக்குப் புதுப்பட்டினத்தில் பெண் பேசினார்கள். பெண்ணின் பெயர் நூர்ஜஹான். அவளை நான் பார்த்ததில்லை. என் அம்மாவும் அக்காவும் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "கண்ணு பெருசு, வாய் அத்த வுடப் பெருசு" என்றார்கள். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நான் ஒரு மாதம் சரியாகத் தூங்கவில்லை. பெண்ணின் அப்பா ஹமீது மாமா அங்கே கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருந்தார். (சம்பந்தம் முடிவதற்கு முன்பே மாமா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். அவர் தடுக்கவில்லை. அதைப் பாதி சம்மதம் என்று கணக்கு வைத்துக்கொண்டேன்.)

மீதிப் பாதிக்குத்தான் சிக்கல். குறுக்கே ஒரு கூடுவாஞ்சேரி மாப்பிள்ளை வந்து நின்றான். அரசாங்க உத்தியோகம். ஹமீது மாமாவின் அண்ணன், திருச்சியில் தோல் வியாபாரம் செய்கிற பெரியவர், அந்தப் பக்கம் சாய்ந்திருந்தார். அவர் தலையசைக்காமல் அந்தக் குடும்பத்தில் ஒரு பூனைகூடக் குட்டி போடாது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி ரயிலில் செங்கல்பட்டில் இறங்குவதாக அவர் கடிதம் போட்டிருந்தார். மாமா அவரை ஸ்டேஷனிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும், என் அம்மா டீயும் சமோசாவும் கொடுக்க வேண்டும், அவர் என்னைப் பார்த்துத் தலையசைக்க வேண்டும். இதுதான் ஏற்பாடு. ஸ்டேஷனுக்கு யாரும் வராவிட்டால் அடுத்த பாசஞ்சரைப் பிடித்துக் கூடுவாஞ்சேரிக்குப் போய்விடுவேன் என்று பெரியவர் கடிதத்திலேயே எழுதியிருந்தார். ஆக, என் வாழ்க்கை அந்தப் பத்து மணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த வாரம் மாமாவின் மோட்டார் சைக்கிள் மக்கர் பண்ணியது. இரண்டாவது கியர் போட்டால் கொஞ்ச தூரம் போய் அதுவாகவே கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடும். சனிக்கிழமை காலை என்னை வரச் சொல்லி ஆள் அனுப்பினார். வருங்கால மாமனார் கூப்பிட்டு அனுப்புகிறார், அதுவும் வேலைக்காக. நான் ஸ்பேனர் பையைத் தூக்கிக்கொண்டு முதல் பஸ்ஸிலேயே போய் இறங்கினேன்.

"இன்னாபா, ஃபிட்டருன்றாங்க ஒன்னிய. இது இன்னா ரோதனைன்னு பாரு" என்றார்.

நான் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். "இன்ஸ்பெக்‌ஷன் பண்ணணும் மாமா."

"இன்ஸ்பெக்டரா? கியருக்கு எதுக்குப்பா போலீஸு?"

"போலீஸ் இல்ல மாமா. கியர் பாக்ஸ மொத்தமாப் பிரிச்சி, ஒவ்வொரு சாமானா சோதிச்சி, மறுபடியும் பூட்டணும்."

"நாளைக்கிக் காலைல இதுலதான் ஸ்டேஷனுக்குப் போவணும். ஆவுமா?"

"சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிடும் மாமா."

இவ்வளவு தைரியம் எங்கிருந்து வந்தது என்றால், ஒரு புத்தகத்திலிருந்து. மோட்டார் சைக்கிள் பழுது பார்ப்பது பற்றிய தமிழ்ப் புத்தகம். எந்தப் பாடமாக இருந்தாலும் பிரிப்பதைப் பத்துப் பக்கத்துக்கு விளக்கிவிட்டு, பூட்டுவதை ஒரே வரியில் முடித்துவிடும்: 'பரிசோதித்த பின், பிரித்ததற்கு எதிர் வரிசையில் பூட்டுக.' அந்த வரியை எழுதிய மகராசன் தன் வாழ்நாளில் ஒரு டார்ச் லைட்டையாவது பூட்டியிருப்பாரா என்று இப்போது சந்தேகப்படுகிறேன். அன்றைக்கு அதை மந்திரமாக நம்பினேன்.

வாசலில் வண்டியை நிறுத்திப் பிரிக்க ஆரம்பித்தேன். பெரிய சாமான்களை அங்கேயே ஒரு அலுமினியச் சட்டியில் கிருஷ்ணாயில் ஊற்றிக் கழுவி வைத்துக்கொண்டேன். சின்ன சாமான்களை வைக்கத்தான் இடமில்லை. கடல்காற்று விடாமல் மணலை வாரிக்கொண்டு வந்தது. ஒரு மணல் பொடி உள்ளே போனாலும் கியர் பாக்ஸ் நாசம். உள்ளே ஒரு பலகை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, எடுக்க எடுக்க வரிசையாக அடுக்க வேண்டும் என்றேன். ஆனால் நான் உள்ளே போக முடியாது. சம்பந்தம் முடிவாகாத மாப்பிள்ளை. கூடத்துத் திரைக்கு அந்தப் பக்கம் பெண் இருக்கிறாள். ஆகவே மாமா ஒரு தட்டோடு கிளம்பினார். நான் சாமானைத் தட்டில் வைத்துப் பெயரைச் சொல்வேன். மாமா திரை வரைக்கும் நடந்து போய்ப் பெயரோடு ஒப்படைப்பார். உள்ளேயிருந்து வளையல் சத்தம் வரும். சாமான் அடுக்கப்பட்டுவிட்டது என்று அர்த்தம்.

"வாஷர் மாமா."

"வாஷராம்மா."

"இது செலக்டர் ஃபோர்க் மாமா."

"எலக்ட்ரிக் போர்க்காம்மா."

உள்ளே சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அடுத்த நட்டைக் கழற்ற மூன்று தடவை ஸ்பேனர் வழுக்கியது. சந்தோஷத்தில் நான் பாட்டுக்குப் பெயரே இல்லாத சாமான்களுக்கெல்லாம் பெயர் வைத்து அனுப்பினேன்.

நடுவில் மாமா திரும்பி வந்து, "நம்பரு எழுதி வெக்கவான்னு கேக்குது பொண்ணு" என்றார்.

நான் ஒரு பெரிய இன்ஜினியரைப் போலச் சிரித்தேன். "வேணாம் மாமா. வரிசைதான் நம்பரு. வரிசையா வெச்சாப் போதும்னு சொல்லுங்க."

(அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே ஓங்கி ஒன்று போடலாம் போலிருக்கிறது.)

ஃபோர்க் என்றேனே, அதைப் பற்றி இரண்டு வார்த்தை. கவட்டை போல இருக்கும் இரும்புத் துண்டு. உள்ளே பல்சக்கரத்தைக் கவ்விப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளும். அப்படித் தள்ளினால்தான் கியர் மாறும். மாமாவின் வண்டியில் இரண்டு ஃபோர்க். இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். கூர்ந்து பார்த்தால் மட்டும் ஒரு மயிரிழை வித்தியாசம் தெரியும். நான் முதலில் கழற்றியது இடப்பக்கத்து ஃபோர்க். அடுத்தது வலப்பக்கத்து ஃபோர்க்.

கோளாறு எதில் என்பதைக் கண்டுபிடித்தேன். அதை மறுக்க முடியாது. ஒரு ஸ்பிரிங் சோர்ந்துபோயிருந்தது. கடைத்தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்த என் நண்பன் டப்பா டப்பாவாகக் கொட்டிப் பொருத்தமாக ஒன்று தேடிக் கொடுத்தான். திரும்பி வந்தபோது, சின்ன சாமான்களெல்லாம் துடைத்து, எண்ணெய் தடவி, வெள்ளைத் துணியில் ஒரே கோடாக அடுக்கி வைத்திருந்தாள். மாமா பலகையை அலுங்காமல் குலுங்காமல் தூக்கிவந்து என் முன்னால் வைத்தார். அவ்வளவு அழகான வரிசையை நான் ஐ.டி.ஐ.யில்கூடப் பார்த்ததில்லை. இவளைக் கட்டிக்கொள்ளாவிட்டால் நான் மனிதனே இல்லை என்று அங்கேயே முடிவு செய்தேன்.

பூட்டினேன். மற்ற சாமான்கள் எங்கே போகும் என்பது வடிவத்தைப் பார்த்தாலே தெரிந்தது. இரட்டைப் பிள்ளைகள் அருகருகே படுத்திருந்தன. இடப்பக்கம் இருப்பது முதலில் எடுத்தது, அப்படியானால் இடப்பக்கத்து ஃபோர்க். வலப்பக்கம் இருப்பது வலப்பக்கத்து ஃபோர்க். யோசிக்க என்ன இருக்கிறது. சாயங்கால அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது கடைசி நட்டை முறுக்கிவிட்டேன். பெடலைக் காலால் தட்டினேன். டக், டக், டக், டக்.

"நாலு கியரும் பேசுது மாமா."

"ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்க வாணாமா?"

"இன்ஸ்பெக்‌ஷன் பண்ண வண்டிய ஓட்டிப் பாக்கறது அவமரியாதை மாமா."

மாமா மகிழ்ந்துபோனார். அன்றைக்கு நண்பன் கடையிலேயே படுத்துக்கொண்டேன். காலையில் சலவைச் சட்டை போட்டு, அத்தர் தடவி, எட்டரை மணிக்கு வண்டியை உதைத்தேன். ஒரே உதையில் கிளம்பியது. மாமா பின்னால் ஏறினார். ஸ்டேஷனில் நான் இறங்கி வீட்டுக்கு நடந்துவிடுவேன், மாமா அண்ணனை ஏற்றிக்கொண்டு பின்னாலேயே வருவார் என்று பேச்சு. வண்டியின் பின்பக்கம் ஒரு சாண் இறங்கியது. ஜன்னல் பக்கம் வளையல் சத்தம். நான் முதல் கியரைப் போட்டுச் சீறிக்கொண்டு கிளம்பினேன்.

கடைத்தெரு முனையில் இரண்டாவது கியருக்குத் தட்டினேன். டக். வண்டி அதே வேகத்தில் போனது. மூன்றாவதற்குத் தட்டினேன். டக். அதே வேகம். நாலாவது டக்குக்கும் அதே. சத்தம் மட்டும் வானத்தைக் கிழித்தது. உள்ளே கியர் ஒன்றாவதிலேயே உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றது.

"இன்னாபா மெதுவாப் போற?" மாமா என் காதில் கத்தினார்.

"புது ஸ்பிரிங்கு மாமா. பழகணும்."

"எப்போ பழகும்?"

"போகப் போகப் பழகும்."

செங்கல்பட்டுக்கு முப்பது கிலோமீட்டர். ஒரு சைக்கிள்காரர் மணியடித்து வழி கேட்டு எங்களை முந்திப் போனார். கேரியரில் ஒரு மூட்டைத் தேங்காய் வேறு. பிறகு பஸ் வந்தது. பக்கத்திலேயே ஊர்ந்துகொண்டு வர, மாமாவுக்குத் தெரிந்த கண்டக்டர் படியில் தொங்கியபடி, "பாய், வண்டி படுத்துச்சா? ஏறிக்கோ" என்றார்.

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "நல்லாத்தான் கீது. காத்து வாங்கிக்கினு போறோம். நீ போ."

மாமா மானஸ்தர். வருங்கால மருமகன் பூட்டிய வண்டியை நடுரோட்டில் விட்டுவிட்டு பஸ் ஏறினால் ஊர் என்ன சொல்லும். பஸ் போனது. அடுத்த பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். இரண்டு பேரும் அதைச் சொல்லவில்லை.

எதிரே மாமல்லபுரம் போகிற வேன் ஒன்று நின்றது. உள்ளே வெள்ளைக்காரர்கள். நடக்கிற வேகத்தில் ஆகாய விமானச் சத்தத்தோடு புகை விட்டுக்கொண்டு வரும் எங்களைப் பார்த்து ஒரு அம்மாள் இறங்கி வந்து போட்டோ எடுத்தாள். மாமா தொப்பியைச் சரி செய்துகொண்டார். ஏதோ ஒரு தேசத்தில், ஏதோ ஒரு வீட்டு அலமாரியில், நான் இன்னமும் முதல் கியரில் போய்க்கொண்டிருக்கிறேன்.

திருக்கழுக்குன்றத்துக்கு முன்னாலேயே இன்ஜின் கொதிக்க ஆரம்பித்துவிட்டது. நிறுத்தி, ஆறவைத்து, உதைத்து, மறுபடியும் கிளம்பினோம். இப்படி நாலு தடவை. திருக்கழுக்குன்றம் கடைத்தெருவில் நுழைந்தபோது சத்தம் கேட்டு ஜனங்கள் கடையை விட்டு வெளியே வந்துவிட்டார்கள். சலவைச் சட்டை, அத்தர் வாசனை, பின்னால் பெரிய மனிதர், ஊர்கிற வேகம். ஒரு டீக்கடைக்காரர் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்: "இன்னா பாய், மாப்ள ஊர்வலமா? மேளத்தக் காணம்?"

மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்போது மணி பத்தேகால்.

செங்கல்பட்டு ஸ்டேஷனில் நுழையும்போது பன்னிரண்டாகிவிட்டது. பிளாட்பாரம் காலி. ஒரு போர்ட்டர் மட்டும் பெஞ்சில் படுத்திருந்தார். "தாடி வெச்ச பெரியவரா? பச்ச டிரங்குப் பொட்டி? ஒரு மணி நேரம் வாசலையே பாத்துக்கினு குந்திக்கினு இருந்தாரு. அப்பாலிக்கா கூடுவாஞ்சேரிக்கு டிக்கெட் கேட்டாரு" என்றார்.

மாமா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தொப்பியைக் கழற்றி, தலையைத் துடைத்து, மறுபடியும் போட்டுக்கொண்டார். "நான் பஸ்ல போறேன். வண்டிய நாளைக்கிக் கொண்டாந்து வுட்டுரு தம்பி" என்றார். அதுவரைக்கும் 'இன்னாபா' என்று உரிமையோடு கூப்பிட்ட மனிதர், 'தம்பி' என்றதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. வீட்டில் அம்மா நாற்பது சமோசா போட்டு வைத்திருந்தார். அவற்றை எங்கள் தெருவே தின்றது. நான் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மைக்கேல் அண்ணாத்த என்று ஒரு பழைய மெக்கானிக். வண்டியை அவரிடம் தள்ளிக்கொண்டு போனேன். மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தார்.

"ரெண்டு ஃபோர்க்கும் எடம் மாறி கீது. எடதுல இருக்கறது வலதுக்கு, வலதுல இருக்கறது எடதுக்கு. கியரத் தள்ளாம சும்மா ஆடிக்கினு கீது ரெண்டும். எவன்பா பூட்னது?"

"யாரோ ஒருத்தன் அண்ணாத்த."

"அவன் கைய ஒடிக்கணும்."

"ஒடிக்கணும் அண்ணாத்த."

ஃபோர்க்குகளை மாற்றிப் போட்டுக் கொடுத்தார். எனக்குத்தான் மண்டை வெடித்தது. வரிசையாக எடுத்தேன், வரிசையாகப் பூட்டினேன், எப்படி மாறும்? அப்படியானால் அடுக்கியதில் தப்பு. தப்பு என்னுடையது இல்லை. ஆஹா, நான் குற்றவாளி இல்லை. மறுநாள் காலை வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தேன். இரண்டாவது விழுந்தது, மூன்றாவது விழுந்தது, நாலாவதும் விழுந்தது. நேற்று என்னை முந்திய சைக்கிள்காரர் எதிரில் வந்தால் நிறுத்திக் காட்டலாம் என்றுகூடத் தோன்றியது. நியாயத்தை எடுத்துச் சொன்னால் மாமா ஏற்றுக்கொள்வார் என்று நினைத்தேன். யார் தலையில் அந்தப் பழி விழும் என்பதை நினைக்கவே இல்லை. (வியாதி முற்றியிருந்தது என்று முதலிலேயே சொன்னேன்.)

மாமா வீட்டுக் கூடத்தில் பெரியவர் உட்கார்ந்திருந்தார். பச்சை டிரங்குப் பெட்டி பக்கத்தில். நான் வாசலிலிருந்தே சலாம் சொன்னேன். பதில் சலாம் சொல்லி, உள்ளே வரச் சொல்லி, என்னை மேலும் கீழும் பார்த்தார். "இவன்தானா அந்த ஒண்ணாம் கியரு?"

மாமா தலையைக் குனிந்துகொண்டார். பெரியவர் தொடர்ந்தார்: "கூடுவாஞ்சேரிப் பையன் தங்கமான பையன். சொல்லாமப் போனேன், அஞ்சே நிமிஷத்துல டீ வந்துச்சு."

நான் படபடவென்று ஆரம்பித்தேன். "என் மேல தப்பு இல்லீங்க. நான் வரிசைப்படிதான் பூட்னேன். மொதல்ல எடுத்தது எடப்பக்கம் இருக்கணும். அது வலப்பக்கம் இருந்திருக்கு. வரிசையே தலைகீழா இருந்திருக்கு."

மாமா எழுந்து நின்றார். "அப்போ எம்பொண்ணு மாத்தி வெச்சிடுச்சின்றியா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெண் கேட்க வந்த வீட்டில் பெண்ணையே குற்றவாளி ஆக்கிவிட்டேன். வாசலைப் பார்த்தேன். செருப்பைப் போட்டுக்கொண்டு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "அத்தா, அவரை ஒண்ணு கேளுங்க. எந்த வூட்லனாச்சும் எடப்பக்கத்துலேர்ந்து ஆரம்பிப்பாங்களா?"

அவள் முதல் சாமானை வலக்கோடியில் வைத்து ஆரம்பித்திருக்கிறாள். எங்களில் எதற்கும் வலதுதான் முதல். சட்டையில் முதலில் நுழைவது வலது கை. வீட்டுக்குள் முதலில் வைப்பது வலது கால். ஓதப் பழகிய எழுத்துகூட வலப்பக்கத்திலிருந்துதான் ஓடும். பிறந்ததிலிருந்து அப்படியே வளர்ந்தவன்தான் நானும். அன்று காலையில்கூட வலது காலைத்தான் முதலில் செருப்பில் நுழைத்தேன். ஐ.டி.ஐ. புத்தகத்தைத் திறந்தால் மட்டும் எல்லாம் மறந்துபோகும்.

பெரியவர் தாடியைத் தடவினார். "நல்ல காரியத்துக்குத்தாம்மா வலது. கிரீஸ் சாமானு அடுக்கறதுல இன்னா நல்ல காரியம்?"

திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாக வந்தது பதில்.

"நான் நல்ல காரியம்னு நெனச்சித்தான் பெரியத்தா வெச்சேன்."

மாமா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார். அந்த வீட்டில் கடைசியாகப் புரிந்துகொண்டவன் நான்தான். நான் இன்னமும் ஃபோர்க்கையே நினைத்துக்கொண்டு நின்றேன். அது அவளுடைய சம்மதம் என்று புரிந்தபோது, பக்கத்தில் இருந்த டிரங்குப் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"ஏந்திரு, அது எம்பொட்டி" என்றார் பெரியவர். பிறகு மாமா பக்கம் திரும்பினார். "ஒரு பேனா குடு. கூடுவாஞ்சேரிக்குக் கடுதாசி எழுதணும்."

மூன்று மாதம் கழித்துக் கல்யாணம். மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் கார் பேசலாம் என்று என் அத்தா சொன்னார். மாமா ஒப்புக்கொள்ளவில்லை. "நம்ம வண்டி கீதே. ஒண்ணாம் கியர்லயே வரட்டும். அவனுக்குப் பழக்கந்தானே" என்றார். கழுத்தில் மாலையோடு, முதல் கியரில், புதுப்பட்டினம் கடைத்தெரு முழுக்க ஊர்ந்து போனேன். இந்தத் தடவை மேளம் இருந்தது. கூட்டத்தில் அந்த பஸ் கண்டக்டரும் நின்றுகொண்டு, "காத்து வாங்கிக்கினு போங்க மாப்ள" என்று வாழ்த்தினார்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் முதல் கியருக்கு 'மாப்பிள்ளை கியர்' என்று பெயர். பிள்ளைகள் அதைத்தான் சொல்லி வளர்ந்தார்கள். அதற்கு வேறு பெயர் உண்டென்றே அவர்களுக்குத் தெரியாது. என் மகள் கார் ஓட்டப் பழகிய முதல் நாள், நானும் நூர்ஜஹானும் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தோம். சொல்லிக்கொடுக்க வந்தவர், "வண்டிய எடுக்கும்போது எந்த கியர்லம்மா எடுக்கணும்?" என்று கேட்டார்.

"மாப்பிள்ளை கியர்ல சார்" என்றாள் மகள், சந்தேகமே இல்லாமல்.

அவர் திரும்பி எங்களைப் பார்த்தார். நூர்ஜஹான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்க ஆரம்பித்துவிட்டாள். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வலப்பக்கத்து ஜன்னல்தான்.